அனுபவம் இருந்தது, கடிதம் இல்லை: ஒரு மணலி எலக்ட்ரீஷியனின் ஜெர்மனி விண்ணப்பம்

தண்டையார்பேட்டையைச் சேர்ந்த ஓர் எலக்ட்ரீஷியன், ஜெர்மனியில் திறன் தொழிலாளியாகத் தங்கி வேலை செய்ய அனுமதி வாங்கும் முயற்சியை 2023 கடைசியில் தொடங்கினார். 2025 அக்டோபரில் விமானம் ஏறினார். மொழி படித்ததும் வேலை தேடியதும் அந்த இடைக்காலத்தில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டன. மீதிப் பாதி, அவர் ஏற்கெனவே செய்து முடித்திருந்த வேலையைக் காகிதத்தில் கொண்டுவருவதிலேயே போனது. அந்தப் பாதியைப் பற்றி விசா ஆலோசனை சொல்லும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. அதனால் இந்த ஆய்வில் அதற்குத்தான் அதிக இடம்.

நான் விசா ஆலோசகன் கிடையாது. ராயபுரத்தில் சிறு கான்ட்ராக்டர்களுக்கு பிஎஃப், ஈஎஸ்ஐ கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பவன். அவர் என்னிடம் வந்தது யூஏஎன் எனப்படும் பிஎஃப் அடையாள எண்ணில் பிறந்த தேதியைத் திருத்துவதற்காக. எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்டபோதுதான் ஜெர்மனி விஷயம் வெளியே வந்தது. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளின் பெயரும் சம்பந்தப்பட்ட நிறுவனங்களின் பெயரும் இதில் வராது.

ஆளும் அவர் காகிதங்களும்

பிறந்தது 1993. பத்தாவது முடித்து ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவு, இரண்டு வருடப் படிப்பு, 2012இல் தேர்ச்சி. தேசியத் தொழிற்சான்றிதழான என்டிசி கையில் இருந்தது. அப்புறம் பெரம்பூர் ரயில்வே பணிமனையில் ஒரு வருடம் அப்ரண்டிஸ். அதற்கு தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழான என்ஏசி. பிறகு மூலக்கொத்தளம் பக்கம் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் இரண்டு வருடத்துக்கும் மேல். அங்கே சம்பளம் வாரக் கூலி, கையில் ரொக்கம், ரசீது எதுவும் இல்லை. 2016 ஜூலையிலிருந்து மணலியில் ஓர் ஆலையின் மின் பராமரிப்புப் பிரிவில் கான்ட்ராக்ட் தொழிலாளி.

மணலி, எண்ணூர் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு அடுத்த வரி புதிதல்ல. ஆலை அதே ஆலை, மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் எம்சிசி ரூம் அதே ரூம், பார்க்கிற மோட்டாரும் பேனல் போர்டும் அதே. மூன்று வருடத்துக்கு ஒருமுறை டெண்டர் மாறும்போது கான்ட்ராக்டர் மட்டும் மாறுவார். ஆட்கள் அப்படியே புதுக் கான்ட்ராக்டரின் பட்டியலுக்குப் போவார்கள். 2016, 2019, 2022 என்று இவருக்கு மூன்று கான்ட்ராக்டர்கள். பிஎஃப் பாஸ்புக்கில் ஒரே யூஏஎன்னுக்குக் கீழே மூன்று மெம்பர் ஐடி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓரிரு மாதம் வெற்றிடம். ஆலையின் பெயர் அந்தப் பாஸ்புக்கில் எங்கேயும் கிடையாது.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. சம்பளச் சீட்டில் அவர் ‘செமி ஸ்கில்டு’. குறைந்தபட்ச ஊதியம் திறன் வகையைப் பொறுத்து மாறும் என்பதால் சில கான்ட்ராக்டர்கள் ஆளை ஒரு படி கீழே காட்டுவார்கள். கேட் பாஸில் ‘எலக்ட்ரீஷியன்’ என்று இருந்தது. ஏனென்றால் ஆலையின் பாதுகாப்புப் பிரிவு அதில் விளையாட விடாது. ஒரே ஆள், ஒரே மாதம், இரண்டு காகிதம், இரண்டு தகுதி.

கன்சல்டன்சி

2023இல் அவர் முதலில் போனது ஒரு கன்சல்டன்சிக்கு. ‘ஜாப் சீக்கர் விசா’ என்று சொல்லி முன்பணம் வாங்கினார்கள். சான்றிதழ்களை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரை போட்டுத் தருவதாகத் தனியாகவும் வாங்கினார்கள். இந்தியா 2005இல் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்தது உண்மை. ஆனால் அப்போது ஆட்சேபம் தெரிவித்த நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று. அதனால் இந்திய அப்போஸ்டில் அங்கே செல்லாது. அந்த முத்திரைக்குக் கொடுத்த பணம் வீண்.

அதைவிடப் பெரிய சேதம், அவர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஜெர்மன் தொழில் பெயர். அங்கே எலக்ட்ரீஷியன் என்று ஒரே தொழில் கிடையாது. வீடு, கட்டட வயரிங் ஒரு தொழில். அது கைவினைத் தொழில் சபையின் கீழ் வருகிறது. ஆலையில் மோட்டார், கண்ட்ரோல் பேனல், மின் பகிர்வு பார்ப்பது வேறொரு தொழில், பெயர் ‘எலெக்ட்ரோனிக்கர் ஃபூர் பெட்ரீப்ஸ்டெக்னிக்’. அதற்கு மூன்றரை வருடப் பயிற்சி. வெளிநாட்டுச் சான்றிதழை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நூரம்பெர்க் நகரத்தில் உள்ள ஐ.எச்.கே. ஃபோசா என்ற மைய அமைப்பு. கன்சல்டன்சி போட்டு வைத்திருந்தது கட்டட வயரிங். இவர் வாழ்நாளில் பார்த்த ஹவுஸ் வயரிங் தான் குடியிருந்த வீட்டுக்கு மட்டும்தான்.

இங்கே ஒரு தகவலைச் சேர்த்தாக வேண்டும். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவரிடம் அவர் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டியோடு 35,400. பதிவு எண் உண்மையா என்று அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ‘நாங்கள் ஆள் எடுக்கவில்லை, விசா ஆலோசனை மட்டும்தான்’ என்று சொல்லி இந்தச் சட்டத்திலிருந்து நழுவுகிற கடைகள் நிறைய. இவருடைய கடையும் அந்த வகைதான். பணத்தில் ஒரு பகுதி திரும்ப வந்தது, மீதி வரவில்லை. அதை அவர் விட்டுவிட்டார்.

எந்தப் பிரிவில் போவது

ஜெர்மனியின் திறன் தொழிலாளர் குடியேற்றச் சட்டம் 2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 2023 நவம்பரிலிருந்து 2024 ஜூன் வரை படிப்படியாக அதைத் தளர்த்தினார்கள். 2024 அக்டோபரில், இந்தியத் திறன் தொழிலாளர்களுக்கான விசா எண்ணிக்கையை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000 வரை உயர்த்தப் போவதாக அந்த அரசு அறிவித்தது. செய்தி வந்த வாரம் வண்ணாரப்பேட்டையில் டீக்கடைக்கு டீக்கடை ஜெர்மனிதான். ஆனால் எண்ணிக்கை உயர்வதும் ஒரு குறிப்பிட்ட ஆளுக்குக் கதவு திறப்பதும் வேறு வேறு. இவருக்கு எந்தக் கதவு என்று உட்கார்ந்து பார்த்தோம்.

புளூ கார்டு பட்டதாரிகளுக்கு, விட்டுவிடலாம். வாய்ப்பு அட்டை எனப்படும் சான்சன்கார்ட்டே 2024 ஜூனில் வந்தது. வேலை இல்லாமலே போய் ஒரு வருடம் வரை தேடலாம். ஆனால் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். 2025 கணக்கில் மாதம் 1,091 யூரோ வீதம், வருடத்துக்கு 13,092 யூரோ. மனைவியும் குழந்தையும் வாடகை வீட்டில் இருக்கும்போது அவ்வளவு பணத்தைக் கணக்கில் முடக்கிவிட்டு வேலை தேடப் போவது இவருக்குச் சூதாட்டம். வேண்டாம் என்று நானும் சொன்னேன்.

ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் பிரிவு 19சி கவர்ச்சியாக இருந்தது. ஜெர்மன் தகுதி அங்கீகாரம் தேவையில்லை. சொந்த நாட்டில் அரசு அங்கீகரித்த இரண்டு வருடத் தொழிற்கல்வி, கடைசி ஐந்து வருடத்தில் இரண்டு வருட அனுபவம் போதும். ஐடிஐ எலக்ட்ரீஷியன் படிப்பு சரியாக இரண்டு வருடம். ஆனால் சம்பள வரம்பு 2025இல் ஆண்டுக்கு 43,470 யூரோ. தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்ட முதலாளி என்றால்தான் அதிலிருந்து விலக்கு. இவருக்குப் பின்னர் வந்த வேலை அழைப்பு மாதம் 2,900 யூரோ, அதாவது ஆண்டுக்கு 34,800. கூட்டு ஒப்பந்தமும் இல்லை. அதுவும் போனது.

மிச்சம் அதே சட்டத்தின் 16டி, தகுதி அங்கீகாரம் வாங்கப் போகிறவர்களுக்கான பிரிவு. அதற்குள்ளே இரண்டு வழி. ஒன்று, அங்கீகாரக் கூட்டு: வேலை ஒப்பந்தமும் ஏ2 நிலை ஜெர்மன் மொழித் தேர்ச்சியும் இருந்தால் முதலில் போய்விடலாம், அங்கீகாரத்துக்கு அங்கே போன பிறகு விண்ணப்பிக்கலாம். 2024 மார்ச்சில் வந்த வழி. இன்னொன்று பழையது: இங்கிருந்தே ஃபோசாவுக்கு எழுதிப் பகுதி அங்கீகாரம் வாங்கி, விடுபட்ட திறன்களை அங்கே போய்ப் பயிற்சியில் நிரப்புவது. இதற்கும் ஏ2 வேண்டும்.

அவருக்கு முதல் வழிமேல்தான் ஆசை. ‘சார், மொதல்ல போயிட்டா மத்தது அங்க பாத்துக்கலாம்’ என்றார். இந்த இடத்தில் நான் முரண்பட்டேன். ஃபோசா எப்போது கேட்டாலும் கேட்கப் போவது மணலியில் என்ன வேலை பார்த்தார் என்பதற்கான சான்றைத்தான். ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு மணலி கான்ட்ராக்டரிடம் கடிதம் வாங்க முடியாது. ஊரில் இருக்கும்போதே நாலு தடவை வாசலில் போய் நின்றால்தான் நடக்கிற காரியம் அது. கூட்டு வழியில் போனவருக்கு அதிகபட்சம் மூன்று வருடம். அதற்குள் அங்கீகாரம் முடியாவிட்டால் அனுமதியே ஆட்டம் காணும். கடைசியில் பழைய வழியையே எடுத்தார். கையில் காகிதம் சுத்தமாக இருக்கிற ஆளுக்கு என் யோசனை பொருந்தாது. அவர் கூட்டு வழியில் போவதே வேகம்.

கான்ட்ராக்டர் ஏன் கையெழுத்துப் போட மாட்டார்

ஐடிஐ இரண்டு வருடம், ஜெர்மன் பயிற்சி மூன்றரை வருடம். இடைவெளியை அனுபவத்தால் ஈடு கட்டலாம் என்று அவர்களுடைய 2012ஆம் ஆண்டு அங்கீகாரச் சட்டம் சொல்கிறது. ஆனால் ‘இவர் எங்களிடம் வேலை பார்த்தார், நல்லவர், வாழ்த்துகள்’ என்ற நம் ஊர்க் கடிதம் அங்கே வெற்றுத்தாள். எந்தக் கருவிகளில், எந்த மின்னழுத்தத்தில், என்னென்ன வேலை, தானாகச் செய்தாரா மேற்பார்வையிலா, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, வாரம் எத்தனை மணி நேரம் என்று இருக்க வேண்டும்.

பிஎஃப் பாஸ்புக் இதில் பாதி உதவி. மாதாமாதம் இவருக்காக ஒருவர் பணம் கட்டினார் என்பதை அது அசைக்க முடியாமல் நிரூபிக்கும். இவர் மோட்டார் பார்த்தாரா, கேன்டீனில் தட்டு கழுவினாரா என்பது அதில் தெரியாது.

கடிதம் வேண்டும். கான்ட்ராக்டர் தர மாட்டார். பொறாமை, கஞ்சத்தனம் என்று பலரும் சொல்வார்கள். கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த காரணம் வேறு. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டம் இருக்கிறது. 24 காலண்டர் மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவர் நிரந்தரம் கேட்கலாம். அப்போது நடப்பில் இருந்த 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து வருடத் தொடர் பணிக்குப் பிறகு கிராஜுவிட்டி கேட்கலாம். மூன்று வருட அனுபவக் கடிதம் என்பது கான்ட்ராக்டர் கண்ணுக்கு லேபர் கோர்ட்டில் நாளைக்குத் தனக்கு எதிராக நீட்டப்படும் காகிதம். டெண்டர் மாறும்போது ஓரிரு மாத வெற்றிடம் விழுவதும் பல இடங்களில் தற்செயல் கிடையாது. ஆளை நிரந்தரத்திலிருந்து மறைக்கச் செய்த ஏற்பாடுதான் நூரம்பெர்க்கில் அவருடைய அனுபவத்தையும் மறைத்தது.

இத்தனைக்கும், வேலையை விட்டுப் போகிற கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு சர்வீஸ் சர்டிஃபிகேட் தர வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் விதிகளிலேயே இருந்தது. அதைக் கேட்டு வாங்கிய ஆள் ஒருவரைக்கூட என் வாடிக்கையாளர்களின் சைட்டில் நான் பார்த்ததில்லை. கேட்கலாம் என்றே யாருக்கும் தெரியாது.

மூன்று பேரையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

மூன்றாவது கான்ட்ராக்டர், அதாவது அப்போது வேலை கொடுத்துக்கொண்டிருந்தவர், எனக்கு நேரடிப் பழக்கம் இல்லாதவர். எலக்ட்ரீஷியன் கேட்டபோது, ‘லெட்டர் இன்னாத்துக்குபா? நாளைக்கு அத்த வச்சுக்கினு என் மேலயே கேஸு போடவா?’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். நான் போய்ப் பேசினேன். பயம் நியாயம்தான் என்று முதலில் ஒப்புக்கொண்டேன். அதுவே பாதி வேலையை முடித்தது. பிறகு கடிதத்தை நானே எழுதிக் காட்டினேன். ‘தொடர்ச்சியாக’, ‘நிரந்தரமாக’ போன்ற சொற்கள் அதில் இல்லை. காலம், பிஎஃப் கணக்கில் அவரே காட்டியிருக்கிற மாதங்கள் மட்டும். அரசிடம் ஏற்கெனவே இருக்கிற தகவலைத்தான் கையெழுத்திடுகிறீர்கள், புதிதாக ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை என்று விளக்கினேன். மீதி முழுக்க வேலை விவரம்: 415 வோல்ட் மோட்டார்களின் பராமரிப்பு, ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் பழுது பார்த்தல், கேபிள் டெர்மினேஷன், மெகர் வைத்து இன்சுலேஷன் சோதனை, வருடாந்தர ஷட்டவுனில் பிரேக்கர் ஓவர்ஹால். இரண்டு நாள் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சம்பளச் சீட்டின் ‘செமி ஸ்கில்டு’ பற்றி ஒரு வரி சேர்க்கச் சொன்னேன், மாட்டேன் என்றார். அதில் அவரை வற்புறுத்த முடியாது. கேட் பாஸ் நகல்களை இணைத்தோம்.

இரண்டாவது கான்ட்ராக்டர் திருவொற்றியூர்க்காரர், தொழிலை மகனிடம் ஒப்படைத்துவிட்டார். மகனுக்கு இவரைத் தெரியாது. ஆனால் பழைய வருகைப் பதிவேடான மஸ்டர் ரோல் பைண்டு போட்டு அலமாரியில் இருந்தது. அதைப் பார்த்து அன்றே கடிதம் கொடுத்துவிட்டார். சில நேரம் இப்படியும் நடக்கும்.

முதல் கான்ட்ராக்டர் கொரோனா காலத்தில் இறந்துவிட்டார். நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. 2016 முதல் 2019 வரை சொல்ல ஆள் இல்லை. ஆலையின் மனிதவளப் பிரிவு, கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கடிதம் தருவதில்லை என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. ஓய்வு பெற்ற ஷிஃப்ட் இன்ஜினியர் ஒருவர் தன் சொந்தப் பெயரில் எழுதிக் கொடுத்தார். பாஸ்புக்கையும் அந்தக் காலத்து கேட் பாஸ்களையும் அதோடு சேர்த்தோம். வைண்டிங் கடைக்கு எதுவும் கிடைக்கவில்லை. அதை விண்ணப்பத்தில் சான்று இல்லாத காலம் என்றே குறிப்பிட்டார்.

முதல் கான்ட்ராக்டரின் பெயரில் லெட்டர்பேடு அடித்துக் கடிதம் ‘ரெடி பண்ணி’ தருவதாக ஒருவர் வந்தார். பாரிமுனையில் ஒரு மணி நேர வேலை, செலவும் அதிகம் கிடையாது. எலக்ட்ரீஷியன் ஓரிரவு யோசித்திருக்கிறார். வேண்டாம் என்று முடிவு செய்தது அவரே. கடிதத் தேதியில் கையெழுத்துப் போட்டவர் உயிரோடு இல்லை என்பது என்றாவது தெரிந்துவிடலாம். போலி ஆவணம் விசாவை மறுக்க மட்டுமல்ல, கொடுத்த அனுமதியைப் பின்னாளில் பறிக்கவும் காரணமாகும்.

பெயர்ச் சிக்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, பிஎஃப்பில் இனிஷியலே இல்லை, பிறந்த தேதியும் தப்பு. பிஎஃப் திருத்தம் கூட்டு உறுதிமொழி மூலம் நடந்தது. அதற்கும் மூன்றாவது கான்ட்ராக்டர் ஒப்புதல் தர வேண்டியிருந்தது. மற்றதற்கு, எல்லாம் ஒரே ஆள்தான் என்று நோட்டரி பிரமாணப் பத்திரம்.

நூரம்பெர்க் சொன்னது

விண்ணப்பம் 2024 நவம்பரில் போனது. ஆவணங்கள் முழுமையான நாளிலிருந்து மூன்று மாதம் என்பது சட்டக் கெடு. கட்டணம் வேலையின் அளவைப் பொறுத்து 100 முதல் 600 யூரோ வரை. 2025 மார்ச்சில் முடிவு வந்தது: பகுதி அங்கீகாரம்.

ஃபோசாவின் முடிவுக் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன், அவ்வளவு ஒழுங்கு. எது பொருந்துகிறது, எது விடுபடுகிறது என்று வரிவரியாக. நிறுவல், பராமரிப்பு, பழுது கண்டுபிடித்தல் ஆகியவை அனுபவத்தால் ஈடாகின்றன. விடுபட்டவை இரண்டு: பிஎல்சி எனப்படும் இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினியின் நிரலாக்கத்தோடு கூடிய தானியங்கிக் கட்டுப்பாடு, விடிஇ எனப்படும் ஜெர்மன் மின் தரங்களின்படி பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சோதித்துப் பதிவு செய்தல். இரண்டாவதை நம் ஆட்கள் செய்யாமல் இல்லை. நம்முடைய ஐஎஸ் தரங்களின்படி செய்கிறார்கள், ஆனால் எழுதி வைப்பது இன்ஜினியர். பிஎல்சி மட்டும் உண்மையான குறை. ஆலையில் அந்தப் பெட்டியைத் திறக்கவே கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அனுமதி இல்லை.

ஓய்வு பெற்ற இன்ஜினியரின் கடிதத்தை முழு எடையோடு எடுத்துக்கொள்ளவில்லை. முதலாளி தராத கடிதம் என்பதால் 2016–2019 காலம் ஓரளவுக்கே கணக்கில் வந்தது. சான்று குறைவாக இருந்தால் நேரில் திறனைச் செய்துகாட்டும் தகுதிப் பகுப்பாய்வு என்ற வழியும் அவர்கள் சட்டத்தில் உண்டு. வேலை ஒப்பந்தம் அதற்குள் நெருங்கிவிட்டதால் இவர் அதைக் கேட்கவில்லை.

மொழியும் இன்டர்வியூவும்

ஏ1, ஏ2 இரண்டும் நுங்கம்பாக்கம் கோதே நிலையத்தில் தேர்வு. நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வகுப்புக்குப் போன நாள்கள் அதிகம். பி1 தேர்வை வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என்று தனித்தனியாக எழுதலாம். கிளம்பும்வரை கேட்டல் பகுதியில் மட்டும் அவர் தேறவில்லை.

வேலை கிடைத்தது தூரிங்கியா மாநிலத்தில் ஒரு சிறு நகரத்து ஆலையின் பராமரிப்புப் பிரிவில். வீடியோ இன்டர்வியூவில் அரைமணி நேரம் தன் அறிமுகத்திலேயே திணறியிருக்கிறார். பிறகு அங்கிருந்த மாஸ்டர், அதாவது பணிமனைத் தலைவர், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரின் பவர் சர்க்யூட்டை வரையச் சொன்னார். தாளை கேமராவுக்கு முன் வைத்து வரைந்தார். அடுத்த கேள்வி: மோட்டார் ஸ்டாரில் நன்றாக ஓடுகிறது, டெல்டாவுக்கு மாறும் நொடியில் ட்ரிப் ஆகிறது, எங்கே பார்ப்பாய்? டைமர் நேரம், ஓவர்லோட் செட்டிங், டெல்டா கான்டாக்டரின் ஃபேஸ் வரிசை என்று வரிசையாக விரலை வைத்துக் காட்டினார். ஃபேஸ் வரிசை தப்பாக இணைத்திருந்தால் மாறும்போது மின்னோட்டம் எகிறும் என்பதை ஏ2 ஜெர்மனில் சொல்ல வரவில்லை. இரண்டு கோடுகளை மாற்றி வரைந்து ‘பும்’ என்றார். மாஸ்டர் சிரித்துவிட்டார். மணலி கடிதத்தில் ‘ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் பழுது’ என்று ஒரு வரி இருந்ததைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டதாகப் பிறகு சொன்னாராம்.

விசா

முதலாளி, பிரிவு 81ஏ சொல்லும் விரைவு நடைமுறையை எடுத்தார். அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் முதலாளியே 411 யூரோ கட்டித் தொடங்குவது இது. தொழிலாளர் முகமை சம்பளத்தையும் வேலை நிலைமையையும் பார்த்து ஒப்புதல் தரும். பிறகு முன்-ஒப்புதல் கடிதம் வரும். அது வந்தால் மூன்று வாரத்துக்குள் விசா சந்திப்பு தர வேண்டும். 16டிக்கு ஒப்பந்தம் மட்டும் போதாது. விடுபட்ட திறன்களை எந்த மாதத்தில், யார், எப்படிக் கற்றுத்தருவார்கள் என்ற பயிற்சித் திட்டமும் வேண்டும். முதலாளி முதலில் அரைப்பக்கத்தில் எழுதி அனுப்பி, அலுவலகம் திருப்பி அனுப்பியது. ஃபோசா கடிதத்தின் வரிகளையே தலைப்பாக வைத்து மறுபடி எழுதியபோது ஏற்றுக்கொண்டார்கள்.

2025 ஜனவரியிலிருந்து விசா விண்ணப்பம் தூதரகச் சேவைத் தளத்தில் இணையம் வழி. கட்டணம் 75 யூரோ. விண்ணப்பிக்கும் முன் நான் சொன்ன ஒன்று: இனி மறுபரிசீலனை மனு கிடையாது. 2025 ஜூலை 1 முதல் ஜெர்மனி அதை உலகம் முழுக்க நிறுத்திவிட்டது. மறுத்தால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். முன்பெல்லாம் ‘போட்டுப் பார்ப்போம், குறை சொன்னால் திருத்திக் கொடுப்போம்’ என்று போனவர்கள் உண்டு. அந்த வசதி போய்விட்டதால் ஒவ்வொரு தாளிலும் பெயர், தேதி சரிபார்த்தோம். செப்டம்பரில் விசா வந்தது.

போன பிறகு

வீடு குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரிப் பதிவு. அதற்கு வீட்டு உரிமையாளரின் உறுதிக் கடிதம். அதன்பின் காப்பீடு, வங்கி, வெளிநாட்டவர் அலுவலகம். விசா முடியும் முன்பே அனுமதி அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டால், அட்டை வரத் தாமதமானாலும் தங்கும் உரிமை தொடரும். அட்டை 2026 ஜனவரியில் வந்தது. கையில் வருவது பிடித்தம் போக 2,000 யூரோ அளவில். அறை வாடகையும் வீட்டுக்கு அனுப்புவதும் போக மிச்சம் பெரிதாக இல்லை என்கிறார்.

பயிற்சித் திட்டம் 12 மாதம். அது முடிந்து முழு அங்கீகாரம் வந்தால்தான் பிரிவு 18ஏ, அதாவது முழுமையான திறன் தொழிலாளி அனுமதி. நிரந்தரக் குடியிருப்புக்கான மூன்று வருடக் கணக்கு அந்த அனுமதியிலிருந்துதான் தொடங்குகிறது. 16டியில் கழியும் மாதங்கள் அதில் சேராது. 2016–2019க்கு முறையான கடிதம் இருந்திருந்தால் பயிற்சி குறைந்திருக்குமா என்று என்னிடம் கேட்டார். பாதுகாப்புச் சோதனைப் பகுதியில் சில மாதம் குறைந்திருக்கலாம். பிஎல்சியில் ஒரு நாள்கூடக் குறைந்திருக்காது. மனைவி கொருக்குப்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். ஏ1 வகுப்பில் சேர்ந்திருக்கிறார்.

மூன்றாவது கான்ட்ராக்டர் அந்தக் கடித மாதிரியைத் தன் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறார். இதுவரை இரண்டு பேருக்குப் பெயரையும் வேலையையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஒருவர் வெல்டர், கத்தாருக்கு முயற்சி செய்கிறார். இன்னொருவர் எங்கேயும் போகவில்லை; அதைக் காட்டி ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் நேரடி ஆளாகச் சேர்ந்துவிட்டார்.